பத்தாவது கையெழுத்து

கிரேக்கர் வந்த முதல் நாளே மூன்று வடை சாப்பிட்டார். எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. எதையோ இழுத்து மூட வருகிறவர்கள்தான் இப்படி உரிமையோடு சாப்பிட்டுச் சிரிப்பார்கள். பாரிசில் நான் பதினொரு வருடம் சமைத்த உணவகத்தை மூட வந்தவரும் என் கைப்பக்குவத்தைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் தமிழ் முதியவர்கள் புதன்கிழமைகளில் கூடுகிற மண்டபத்தில் நான் சமையல். சம்பளம் இல்லை, அதிகாரம் உண்டு. நடக்க முடியாதவர்களை வீட்டு வாசலில் ஏற்றி வந்து திரும்பவும் கொண்டுபோய் விட உள்ளூர்க் கவுன்சில் ஒரு வான் வண்டி தந்திருந்தது. அதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று பார்த்து எழுதத்தான் இந்தக் கிரேக்கரை அனுப்பியிருந்தார்கள். பெரிய பொருளியலாளராம்.

வான் நின்றால் முதலில் முடங்கிப்போகிறவர் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன, வீடோ முதலாம் மாடி. புதன்கிழமை மட்டும் வான் சாரதி அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவருவார். மற்ற ஆறு நாளும் அவருக்கு ஜன்னல்தான்.

கிரேக்கர் வாசலில் ஒரு தாளை வைத்தார். வருகிறவர்கள் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டினால்தான் வானுக்காக நான் வாதாட முடியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊரில் பெயர்த் தாளோடு வந்தவர்கள் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் என் தமையனைப் பார்த்துத் தலையசைத்தான். தமையன் வீடு திரும்பவில்லை. அதன்பிறகு எந்தத் தாளையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

அன்று மாலையே கைபேசியில் அவரைத் துருவினேன். லண்டனில் படித்தவர். தன் நாட்டுக்குத் திரும்பி நிதியமைச்சில் வேலை பார்த்தவர். நாடு கடனில் முழுகியபோது முதியவர்களின் ஓய்வூதியத்தை வெட்டக் கணக்குப் போட்ட குழுவில் இருந்தவர். எனக்கு அது போதும்.

அவரோ வாராவாரம் வந்து ரீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்தார். நான் ரீச்சரைத் தனியே பிடித்தேன்.

"ரீச்சர், கவனம். தன்ர நாட்டில கிழடு கட்டையளின்ர பென்ஷனை வெட்டின ஆள் இவர்."

"தெரியும். அந்தாளே சொன்னவர். தாயின்ர பென்ஷனும் அதுக்க போனதாம். தாய் ஒரு வருஷமா அவரோட கதைக்கேல்லையாம்."

"பிறகேன் இஞ்ச வந்தவராம்?"

"ஒரு கணக்கைக் குறைச்சு எழுதச் சொல்லி மேலிடம் நெருக்கினதாம். ஏலாது எண்டிட்டார். வேலை ஒண்டும் குடுக்காமல் ஒரு அறைக்க இருத்தி வைச்சிட்டாங்கள். அதுதான் விட்டிட்டு வந்தவர். பொய்க்கணக்கு எழுத ஏலாத மனிசன், தம்பி."

"அதையும் அவர்தானே சொல்லுறார்?"

"நீர் உம்மையே நம்பமாட்டீர்" என்று ரீச்சர் சிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய், ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். "பேரைக் குடுத்தால் அரசாங்கம் தாற பெனிபிட் காசில கை வைப்பாங்கள். அந்தாள் போகுமட்டும் வராதேங்கோ" என்றேன். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்தேன், நினைத்ததை நடந்ததுபோலச் சொன்னேன். ரீச்சருக்கு மட்டும் எடுக்கவில்லை. எடுத்தாலும் அவர் கேட்கமாட்டார்.

அடுத்த புதன் பாதிப்பேர் வரவில்லை. அவர் கணக்கெடுத்த கடைசிப் புதன் வானில் ரீச்சரைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். வடை மிஞ்சிப்போனது. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கடுத்த புதன், ரீச்சரை வான் ஏற்றிக்கொண்டு போனபிறகு, கிரேக்கர் சமையலறைக்குள் வந்தார். "இந்த மாதத்தோடு வான் நிற்கிறது. கடிதம் வரும். அதற்கு முன் நேரில் சொல்ல வேண்டும் என்று வந்தேன்" என்றார்.

"நினைத்தேன்" என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவர் கோபப்படவில்லை. தாள்களை மேசையில் பரப்பினார். முதல் தாள் நிறையப் பெயர்கள். கடைசித் தாளில், நடந்து வந்தவர்களையும் சேர்த்து, ஒன்பதுதான். முதலாவது, ரீச்சரின் உருண்டையான எழுத்து. ஒன்பதுக்கும் கீழே எனக்குப் புரியாத எழுத்தில் இன்னொரு கையெழுத்து இருந்தது.

"இது யார்?"

"நான்தான். அன்று நானும் இங்கே சாப்பிட்டேனே. பொய் சொல்லாமல் என்னால் கூட்ட முடிந்தது அந்த ஒன்றைத்தான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "நீங்கள் எல்லா நாளும் இருந்தீர்கள். உங்கள் பெயர் ஒரு தாளிலும் இல்லையே, ஏன்?"

நான் குழாயைத் திறந்து, கழுவிவைத்த பானையைத் திரும்பவும் கழுவினேன். வெட்கத்தில் காது சுட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் போயிருந்தார்.

இப்போது புதன்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறி ரீச்சர் வீட்டுக்குப் போகிறேன். போன கிழமை அவர் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"நீர் அண்டைக்கே சொன்னனீர், தம்பி. நான்தான் அந்தாளை நம்பிப்போட்டன்."

நான் பார்சலைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஆறப்போகுது, ரீச்சர். சாப்பிடுங்கோ."