வெள்ளையில் சிவப்பு

துணியை நாலாக மடித்து மூலையில் இரண்டே வெட்டு. விரித்தால் நான்கு கையும் சமமான சிலுவை. அதைக் கைப்பட்டையின் நடுவில் வைத்து, ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளித் தள்ளித் தைத்தன விரல்கள். பன்னிரண்டாவது பட்டையின் நூலைக் கடித்து அறுத்த பிறகே பெர்னெத் நிமிர்ந்தாள்.

தம்பி இசாக் தயாராக நின்றான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கும் வேலை அவனுக்கு. இன்று நாலு மணி ரயிலில் ஒரு டாக்டரோடும் பத்துப் பேரோடும் பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் மோதும் இடத்துக்குப் போகிறான். ஒரு பட்டையைக் கையில் மாட்டிக் கண்ணாடியைப் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏங்க்கா, நான் காயம்பட்டவனத் தூக்கப் போறேனா, இல்ல ஸ்விஸ் பட்டாளத்தக் கூட்டிட்டுச் சண்டைக்குப் போறேனா?"

பெர்னெத் பார்த்தாள். சிவப்புப் பட்டையில் வெள்ளைச் சிலுவை, ஸ்விஸ் பட்டாளத்தின் குறி. பன்னிரண்டும் அப்படியே. இருபத்துமூன்று வருடம் ஜெனீவாவில் பட்டாளத்துக்குப் பட்டை தைத்த கை, பழகின மாடு மாதிரி பழகின வழியிலேயே போய்விட்டது.

"விடு பெர்னெத்," என்றாள் கணவனின் அக்கா க்ளோதில்ட். "தூரத்துல சிலுவைதானே தெரியும். நிறத்த எவன் பாக்கப் போறான்?"

"துப்பாக்கி வெச்சிருக்கறவன் பாப்பான்," என்றான் இசாக். இப்போது அவன் சிரிக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இதே ஊரில் பல தேசத்தார் கூடிக் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. வெள்ளையில் சிவப்புச் சிலுவை கட்டியவனை எந்தப் பக்கத்தானும் சுடக் கூடாது. அவனும் எந்தப் பக்கத்தான் என்று கேட்காமல் காயம்பட்டவனைத் தூக்க வேண்டும். நிறத்தை மாற்றிக் கட்டினால் அவன் வெறும் பட்டாளத்துக்காரன். பட்டாளத்துக்காரனைச் சுடுவதைச் சட்டம் தடுக்காது.

ராணுவ முத்திரை இல்லாத பட்டையும் செல்லாது. முத்திரை குத்தும் குமாஸ்தா மூன்று மணிவரைதான் இருப்பார். மணி பன்னிரண்டரை.

தைத்ததைப் பிரித்தால் சிலுவைக்குச் சிவப்பு கிடைத்துவிடும். பட்டைக்கு வெள்ளை? இன்று ஜெனீவாவின் நோன்பு நாள், வீட்டில் பிளம்ஸ் பலகாரம் மட்டுமே சாப்பாடு. ஊரில் ஒரு கடை திறக்காது. பெர்னெத்தின் கண் மேசைமேல் போயிற்று. பிளம்ஸ் பலகாரத்தட்டின் கீழே சின்ன வெள்ளை விரிப்பு.

"அய்யய்யோ, அது எங்கம்மா கல்யாணத்துக்கு வந்தது!"

"அந்தக் கல்யாணம் முடிஞ்சு அம்பது வருஷமாச்சு அண்ணி. இவனுக்கு ரயில் நாலு மணிக்கு."

க்ளோதில்ட் முனகிக்கொண்டே தட்டை மடியில் ஏந்திக்கொண்டாள்.

முதல் பட்டை முடிந்ததும் அதை இசாக்கின் கையில் மாட்டி, அவனைத் தெருக்கோடிக் குழாயடிக்கு விரட்டிவிட்டு, ஜன்னலில் கண்ணை இடுக்கினாள் பெர்னெத். சிவப்பில் வெள்ளை பூத்துத் தெரியும். வெள்ளையில் சிவப்போ அதே அளவில் சுருங்கித் தெரிந்தது.

"திரும்பி வாடா! ஒரு விரல்கடை பெருசா வெட்டணும்."

"அளவெல்லாம் சட்டத்துல இல்லையாம், டாக்டர் சொன்னாரு."

"சட்டம் எழுதினவங்க புதருக்குப் பின்னால உக்காந்து குறி பாக்கலடா. பாக்கறவன் கண்ணுக்குத்தான் நான் தைக்கறேன்."

விரிப்பின் ஒரு மூலையில் பிளம்ஸ் கறை.

"சிலுவைக்கு அடியில போயிடும், வெட்டு," என்றாள் க்ளோதில்ட்.

"ஓரத்துல எட்டிப் பாக்கும். வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும் அண்ணி."

கறையை ஒதுக்கி வெட்டியதில் பதினொன்றுதான் தேறியது. பெர்னெத் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் திரை பழுப்பு. போர்வை நீலம். க்ளோதில்ட் பெருமூச்சு விட்டாள். தட்டை இசாக்கின் கையில் திணித்துவிட்டு, கோயிலுக்கென்று கஞ்சி போட்டு இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை முன்துணியை அவிழ்த்து நீட்டினாள்.

"பாத்துட்டு நிக்காத, வெட்டு. அடுத்த நோன்புக்கு இவன் வந்து எனக்குப் புதுசு வாங்கித் தரட்டும்."

"ரெண்டா வாங்கித் தரேன்," என்றான் இசாக், வாய் நிறையப் பலகாரத்தோடு.

மணி இரண்டே முக்கால். பன்னிரண்டாவதின் முடிச்சைப் போட்டு, நகத்தால் தையலை நீவினாள் பெர்னெத். தம்பியை ஈரத்துணியில் கை துடைக்கச் சொன்னாள். பன்னிரண்டையும் சிலுவை மேலே தெரிய அடுக்கி, அவன் உள்ளங்கைகளில் வைத்தாள்.