நிமிர்த்தித் தைத்த கேடயங்கள்

வெள்ளைச் சாட்டின் துணி. அதன் நடுவில் சிலுவை வடிவில் ஐந்து நீலக் கேடயங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. சுற்றிவரச் சிவப்புக் கரை, கரை நெடுக மஞ்சள் கோட்டைகள். போர்த்துக்கலின் அரசர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் பிடித்த கொடி அது. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலின் கடைசித் தரிப்பிடத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு கொடி தைக்கும் வேலைத்தளத்தில் அதை நான் தைத்தேன். பிழையாகத் தைத்தேன். நாலு வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் அந்த நீலத்தை எங்காவது கண்டால் நின்று இரண்டு தரம் பார்ப்பேன்.

கொடிகளோடு எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம் உண்டு, அது நல்ல பழக்கம் அல்ல. சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் சந்தியிலிருந்த படைமுகாமில் எந்தக் கொடி பறக்கிறது என்று தூரத்திலேயே பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்போம். கொடி மாறியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவோம். அப்படி வளர்ந்தவள் கொடி தைக்கிற வேலைக்குப் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதப் பரீட்சார்த்த காலம். அது முடிந்து நிரந்தர ஒப்பந்தம் கைக்கு வந்தால்தான், வதிவிட அனுமதிக்குப் போட்டிருந்த விண்ணப்பம் நகரும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் வரவேண்டிய நாள், தந்திருந்தார்கள். அந்தத் திகதியைச் சமையலறைக் கலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவேன்.

அங்கே தைத்து முடிந்த கொடிகளைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் ஒரு போர்த்துக்கல் பெண். ஐம்பதைத் தாண்டியவர். இந்த நாட்டு வழக்கப்படி நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மனதுக்குள் அவர் எனக்கு அக்கா. குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா. தைத்த கொடியை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, தையல் வழியே விரலை ஓட்டிப் பார்ப்பார். பிறகு சீட்டில் கையெழுத்து வைப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகாது.

எங்களுக்குள் பேசுவதற்குப் பாதி ஜெர்மன்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் இடைவேளையில் நான் தொலைபேசியில் வீட்டோடு கதைத்தபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கதிரை, சப்பாத்து, குசினி என்று நான் சொன்ன சொற்கள் அவருடைய மொழியிலும் இருந்தன. உங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் எங்கள் ஊரை ஆண்டார்கள், விட்டுப்போன சொற்கள்தான் இவை என்று விளக்கினேன். அவர் முகம் சிவந்தது. "கேக்காம வந்தவை, கதிரையை மட்டும் விட்டிட்டுப் போயிருக்கினம்" என்றார். அவர் சொன்னது ஜெர்மனில்; எனக்கு அது எங்கள் பேச்சாகத்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த வசந்த காலத்தில் நகரத்துப் போர்த்துக்கல் சங்கமொன்று தன் ஆண்டுவிழா ஊர்வலத்துக்காக ஒன்பது கொடிகள் கேட்டது. தங்கள் நாட்டின் வரலாற்றையே தெருவில் நடத்திக் காட்ட நினைத்திருந்தார்கள். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட ஆதிக் கொடி, கேடயக் கொடிகள் இரண்டு, கப்பல்களின் செஞ்சிலுவை, கடைசி அரசர்கள் காலத்து நீலமும் வெள்ளையும், இன்றைய பச்சையும் சிவப்பும், பருந்தும் ஒன்பது நட்சத்திரமுமாக அசோரஸ் தீவுகளின் கொடி, மதெய்ராவின் மஞ்சளும் நீலமும், தங்க இலைகள் சுற்றிய ஒரு படைப்பிரிவுக் கொடி. அச்சடித்தால் போதாது, துண்டு வெட்டி வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மூன்று கொடிகள் வந்தன. இரண்டு கேடயக் கொடிகளில் பழையது அவற்றில் ஒன்று.

அக்காவுக்கு அந்த வாரம் கால் தரையில் இல்லை. அவருடைய அப்பாவும் ஊர்வலத்தில் நடக்கப்போகிறார். அந்த மனிதர் பத்தொன்பது வயதில், ஆபிரிக்காவில் நடந்த சண்டைக்குப் போக மறுத்து, மலை வழியாக நடந்தே நாட்டைவிட்டு ஓடியவர். "பச்சை சிவப்புக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டுச் சண்டைக்குப் போ எண்டவங்கள். பிறகு ஆட்சி மாறினது, கொடி மாறேல்லை. அதாலை அப்பா அதைத் தொடமாட்டார்" என்று அக்கா சொன்னார். சங்கத்தில் எத்தனை முறை கேட்டும் கொடி பிடிக்க வராதவர், இந்த முறை பழைய கேடயக் கொடி என்றதும் ஒத்துக்கொண்டாராம். அந்தக் கொடியின் பெயரால் தன்னை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை என்று சொன்னாராம்.

நான் தைக்க எடுத்த வரைபடத்தில் பக்கக் கேடயங்கள் இரண்டும் சரிந்து, கூர்முனை நடுவைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தன. கணினியில் யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் ஜெர்மன் தடுமாறும், தடுமாறினால் இவளுக்கு விளங்கவில்லை என்று நினைப்பார்கள், பரீட்சார்த்த காலத்தில் அப்படி நினைக்கவிடக் கூடாது. பேசாமல் இரண்டையும் நிமிர்த்தி, மற்றக் கேடயங்களைப் போலவே நேராக, கொடியின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தைத்தேன். தைத்து முடித்ததும் அழகாகத்தான் இருந்தது. அக்கா தூக்கிப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கத்து ஆட்கள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள்.

வேலை முடிந்து வரைபடங்களைக் கோப்பில் அடுக்கும்போதுதான் மற்றக் கேடயக் கொடியின் தாள் கண்ணில் பட்டது. அது வேறொருத்தி தைத்தது. அதில் கேடயங்கள் நிமிர்ந்து நின்றன, கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. அவசரத்தில் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு ஓடினேன். எஸ்-பானில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடினேன். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் அரசர் பக்கக் கேடயங்களை நிமிர்த்தி வைத்தார் என்று இருந்தது. அப்படியென்றால் அதற்கு முன் அவை சரிந்துதான் இருந்தன. என் கையிலிருந்த தாளில் பிழையே இல்லை. இறங்க வேண்டிய தரிப்பிடம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கு விசரே? பேசாம இரும். எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தின கொடி, ஆர் உத்துப் பாக்கப் போறான்?"

"பாக்கத்தானேப்பா தைப்பிக்கினம்."

"டெர்மின் முடியட்டும். கார்ட் கையில வரட்டும். பிறகு ஆருக்கு என்ன வேணுமெண்டாலும் சொல்லும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். நானும்தான். ஆனாலும் ஒரு கிழவர் அந்தக் கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு தன் ஆட்கள் முன்னால் நடப்பதை நினைத்தபடி, தொலைபேசியில் இருந்த படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை காலையில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"அதில கிடக்கிறது என்ர கையெழுத்து" என்றார். "நான் தையலைப் பாக்கேல்லை. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதைத்தான் மனசுக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டனான். ரெண்டு மணிக்குச் சங்க மண்டபத்துக்கு வா. சின்னக் கத்தரிக்கோலும் நீல நூலும் கொண்டு வா."

நான் போனபோது கிழவர் ஏற்கெனவே கொடியை இரண்டு மேசைகளைச் சேர்த்து விரித்து வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததுமே அவர் கண்டுபிடித்துவிட்டாராம். சங்கத் தலைவர் அன்று காலையே வேலைத்தளத்துக்கு மின்னஞ்சலில் முறைப்பாடு அனுப்பிவிட்டாராம். அக்கா இதைச் சாதாரணமாகச் சொன்னார். திங்கள் காலை எங்கள் மைஸ்டர், அதாவது வேலைத்தளப் பொறுப்பாளர், அந்த மின்னஞ்சலைத்தான் முதலில் திறப்பார். கலண்டரின் சிவப்பு வட்டம் கண்முன்னே வந்தது. கிழவர் என்னைப் பார்த்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "கதெய்ரா" என்றார். உட்கார்ந்தேன்.

பிரிப்பது தைப்பதைவிடக் கடினம். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று நாலு கேடயங்கள். சாட்டினில் ஊசி போன இடம் ஆறாது. நிமிர்ந்திருந்த கேடயத்தைச் சரித்து வைத்ததும் பழைய துளைகள் வரிசையாக வெளியே தெரிந்தன. நீராவி அழுத்தியைப் பிடித்து, நகத்தால் நூலிழைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் துளைகளை மூடப் பார்த்தோம். அரைவாசி மறைந்தது, அரைவாசி மறையவில்லை. கிழவர் துணியின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்தபடி எதிரே நின்றார். துணி அசையவில்லை. ஏன் நிமிர்த்தினாய் என்று அக்காவைக் கொண்டு கேட்பித்தார்.

"விழுந்து கிடக்குதெண்டு நினைச்சன்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா மொழிபெயர்த்தார்: "பிறகு வந்த ஒரு ராசாவுக்கும் அப்பிடித்தான் தோன்றினதாம். நீ கொஞ்சம் முந்திப்போட்டியாம்."

ஆறு மணிக்குக் கடைசி நூலை வெட்டினேன். மறுநாள் ஊர்வலத்தைத் தெருவோரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கிழவர் நிமிர்ந்து நடந்தார். காற்று துணியை விரித்தபோது துளைகள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. என் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மைஸ்டர் மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு தையல் பகுதிக்கு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். யார் வரைபடத்தை மாற்றியது என்று கேட்டார். நான் எழும்பினேன், வாயையும் திறந்தேன். அதற்குள் அக்காவின் குரல் வந்தது. "நான்தான் நிமிர்த்தச் சொன்னனான். எங்கட கொடி எனக்குத் தெரியாதோ எண்டு நினைச்சன். பிழை என்ர." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைஸ்டர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இருபது வருட வேலையில் அவருக்கு வந்த முதல் கடிதம். எனக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைத்தது. டெர்மினுக்குப் போனேன், கைரேகை வைத்தேன். வீட்டில் கணவர் கேசரி கிண்டினார். நான் இடைவேளைகளில் வெளியே போய்க் குளிரில் நிற்கத் தொடங்கினேன். உள்ளே இருந்தால் அக்காவின் முன்னால் கோப்பிக் கோப்பையோடு உட்கார வேண்டும். அவர் ஒரு நாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கொடியை அவர் மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். எந்த நேரமும் யாரோ பின்னாலிருந்து என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்றே இருந்தது.

வதிவிட அட்டை தபாலில் வந்த மறுநாள் மைஸ்டரின் அறைக் கதவைத் தட்டினேன். அட்டை வரும்வரை எனக்குத் துணிவு வரவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. முந்தின நாளே வசனங்களை எழுதிப் பாடமாக்கியிருந்தேன். அப்படியும் வினைச்சொல் எல்லாம் இடம் மாறித்தான் வந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தையல் முடியிற இடத்தில நீர் நூலை மூண்டு தரம் திருப்பிக் குத்துவீர். இங்க வேற ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை. சங்கம் அனுப்பின படத்தைப் பாத்து, தைச்சது நீர் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். மாத்தினது ஆர் எண்டதுதான் தெரியாது" என்றார்.

பிறகு அக்காவின் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். என் பெயரில் புதிய கடிதம் ஒன்றை அடித்தார். வேலை போய்விடுமா என்று கேட்டேன். "கேக்காம மாத்தினதுக்குத்தான் இது. இனிக் கேளும்" என்று சொல்லி, கையெழுத்து வைத்து நீட்டினார்.

அக்கா இப்போது இங்கே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய சரிபார்க்கும் மேசையில் நான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கொடியைக் கொண்டுவந்து வைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். கையெழுத்து வைத்த பிறகும் பெட்டியை ஒட்டவிடாமல் இன்னொரு தடவை திறந்து பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. இந்தப் பதற்றம் என்னைவிட்டுப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அன்று மைஸ்டரின் அறையிலிருந்து நேரே அக்காவின் மேசைக்குத்தான் போனேன். கடிதத்தை அவர் முன் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசிவரை வாசித்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் வீணாக்கிவிட்டேன் அல்லவா. அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆறு கிழமையா வெளியில நிண்டு விறைச்சது போதும்" என்றார். "வா, கோப்பி குடிப்பம்."

குடித்தோம். உங்கள் ஊரில் என்ன கொடி என்று கேட்டார், முதன்முதலாக. அது நீண்ட கதை என்றேன். சொல்லு என்றார். சொல்லத் தொடங்கினேன். இடைவேளை முடிந்து மணி அடித்தது, இயந்திரங்கள் ஓடத் தொடங்கின, மைஸ்டர் கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் எழும்பவில்லை.