இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், செடியைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கிணற்றைத் தூர்வாரியபோது உள்சுவரில் முளைத்திருந்த பெரணிகளைப் பிடுங்கி மேலே போட்டார்கள். அதில் ஒரு கொத்தை எடுத்துவந்து வாசலில் வெயில்பட நட்டேன். இரண்டே நாளில் கருகியது. மிச்சத்தை மாமரத்து நிழலில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தேன். மண்ணோடு தென்னை நார்த்தூளும் மக்கிய இலையும் கலந்தேன். இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். கத்திரி வெயிலில் மூன்று வேளையும் தெளித்தேன். மூன்றாம் வருடம் தொட்டிச்சுவரே தெரியாமல் மண்டிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். அவரிடம் நான் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் கணவர் மூலமாகத்தான்.

இந்த வருடம் மல்லாட்டையில் துரு நோய் விழுந்தது. இலையைத் திருப்பினால் செங்கல்பொடி தூவியதுபோல் இருந்தது. ஒரு நாள் காலை அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் எங்கள் தொட்டியருகே வந்து நின்றார்கள். அவர் ஒரு பெரணி இலையைத் திருப்பினார். அதன் அடியிலும் பழுப்புப் புள்ளிகள்.

"இங்கருந்துதான் வந்திருக்குது. நோயை வளத்துக்கினு இருக்காங்க" என்றார், மாமரத்தைப் பார்த்து.

"பூவும் இல்ல, காயும் இல்ல. இதுக்கு மூணு வேளை குளிப்பாட்டு. என்னைக்கூட யாரும் இப்படிப் பாத்துக்கல" என்றார் அக்கா.

"நீ சும்மா இரு. எல்லாத்தையும் புடுங்கிக் கொளுத்தச் சொல்லு. ஜல்தி."

கணவர் விழுப்புரத்தில் வேலையில் இருந்தார். சாயங்கால பஸ்ஸில்தான் வருவார். அதற்குள் செடி சாம்பலாகிவிடும். அண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணெதிரில் பயிர் காய்கிறவர் எதைத்தான் சந்தேகப்பட மாட்டார்?

வேலியோரம் ஒரு மல்லாட்டை இலையைப் பறித்து, பெரணி இலையோடு சேர்த்துத் தொட்டி விளிம்பில் வைத்தேன்.

"அக்கா, அவரைப் பாக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தவள், எப்படியோ அவரிடமே பேசிவிட்டேன். "நோய் வரிசையா உக்காருங்களா மாமா? இது நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வரிசையா இருக்குது. இது விதை மாதிரிங்க. கீழ செங்கல்லுல குட்டி குட்டியா முளைச்சிருக்குது பாருங்க."

அவர் இரண்டு இலைகளையும் விரலால் தேய்த்தார். இரண்டிலுமே பொடி ஒட்டியது. பிறகு குனிந்து, ஈரச் செங்கல்லை வெகுநேரம் பார்த்தார்.

"மருந்துக்கடையில ரெண்டையும் காட்டிக் கேக்குறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்மா" என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

"உனக்குப் பேச்சுகூட வருமா?" என்று அக்கா என் தோளில் இடித்தார்.

மறுநாள் மல்லாட்டைக்கு மட்டும் மருந்து அடித்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியதால், பெரணிகள் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினேன்.