கக்கூஸ் வாசலில் இரண்டு காவல்காரர்

கோட்டாற்றிலிருந்து பிழைக்க வந்து கரமனையில் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டிய கோலப்பன், கோயில்களுக்குச் சிமெண்டில் சிலை செய்பவர். எத்தனையோ சாமிக்கு வசதி செய்து கொடுத்த மனிதர், வீட்டுக்காரி பொன்னம்மைக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டு மலையாளி ஓமனாவிடம் போய்ச் சாவி கேட்டு நிற்பாள். ஓமனா நல்லவள்தான். ஆனால் குடும்ப நலம் முழுக்க விசாரிக்காமல் சாவியைத் தரமாட்டாள்.

1974 மழைக்காலத்தில் ஒருநாள் பொன்னம்மை அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் செங்கல் வந்து இறங்கியது.

நான்கு சுவரும் ஒரு கதவும் அவளுக்குப் போதும். கோலப்பனுக்குத்தான் கை நிற்கவில்லை. கோயிலுக்குச் செய்வதுபோலவே கூரையைச் சுற்றித் தாமரை இதழ், மூலைக்கொரு கிளி, கதவின் இருபுறமும் கதாயுதத்தோடு ஆளுயரக் காவல்காரர்கள். இருவருக்கும் முறுக்கு மீசை.

"சேச்சி, இது அம்பலமா, கக்கூஸா?" என்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள் ஓமனா.

"உள்ள போயிட்டு வந்து சொல்லுகேன்."

உடனே போக முடியவில்லை. சிலைக்குக் கண் திறந்தால்தான் வேலை முடிந்ததாகும். கோலப்பன் கக்கூஸுக்கும் நல்ல நாள் பார்த்தார். அதுவரை பொன்னம்மை மறுபடியும் சாவிக்கு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை விழிகளில் கறுப்பு வைத்துவிட்டு, "இனி போலாம் பிள்ள" என்றார். பொன்னம்மை வாளியோடு வந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், திரும்பி நடந்தாள்.

"என்னட்டீ?"

"ரெண்டு தடியன்மாரு முழிச்சிப் பாத்துக்கிட்டு நிக்கானுவ. எப்பிடிப் போவேன்?"

"சிமெண்டுட்டீ அது!"

"நாள் பாத்து உசிரு குடுத்தது நீங்கதானே?"

உயிர் கொடுக்கவில்லை என்று சொன்னால் தொழிலே பொய்யாகிவிடும். திறந்த கண்ணை மூடவும் தொழிலில் வழியில்லை. சாயங்காலம் வரை யோசித்த கோலப்பன், உளியெடுத்து மீசைகளைச் சுரண்டினார். கன்னம் பூசினார், சடை போட்டார், கதாயுதத்தைக் குடமாக்கினார். காவல்காரர்கள் தோழிகள் ஆனார்கள்.

பொன்னம்மை இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்தது கோலப்பனின் முறை. படிவரை போனார். இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கி விட்டுக்கொண்டு, கிழக்கேகோட்டைப் பொதுக் கக்கூஸுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினார்.