பொக்லைனுக்குப் பிசைந்த மாவு

அன்று குழியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. திருச்சியிலிருந்து காரில் வந்தவர். செருப்பில் சுண்ணாம்புத் தூசி படாமல் ஒரு பலகை மேல் நின்றார்.

சூப்பர்வைசர் கலியபெருமாள். கையில் நோட்டு.

டிப்பர் ஓட்டுகிற காதர் பாய். அள்ளிப்போட மிஷின் இல்லை, அதனால் வேலையும் இல்லை. பீடியோடு குந்தியிருந்தார்.

பொக்லைன் ஆபரேட்டர் ஆரோக்கியசாமி. தலை குனிந்திருந்தான்.

அப்புறம் நான். மிஷினைப் பழுது பார்க்கிற பிட்டர்.

நடுவில் பொக்லைன். கையைத் தரையில் போட்டுப் படுத்துக் கிடந்தது.

எதற்கு இப்போது இந்தக் கதை? போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். மிஷின் வேலையில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டார். அதற்குள் வேப்பந்தட்டை பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரைத் தாண்டி கல்லங்குறிச்சி ரோட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் குழி. கல்லை வெட்டி சிமென்ட் ஆலைக்கு அனுப்புகிற கான்ட்ராக்ட். மொத்தக் குழிக்கும் ஒரே ஒரு பொக்லைன்.

பொக்லைன் கையில் பலம் எங்கிருந்து வருகிறது? எண்ணெயிலிருந்து. டேங்கிலிருக்கிற எண்ணெயை பம்ப் உறிஞ்சி அழுத்தித் தள்ளும். அதுதான் கையைத் தூக்கும், மடக்கும். அந்த எண்ணெயில் தூசி போகக் கூடாது. அதற்காக உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை. திரும்பி வருகிற வழியில் ஒரு ஃபில்டர்.

டீ வடிகட்டி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சொட்டுச் சொட்டாய் இறங்கும். நாம் காத்திருப்போம். பம்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. எண்ணெய் கிடைக்காவிட்டால் ஊளையிடும். அப்புறம் தன்னைத் தானே தின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்வீஸ் செய்தேன். திங்கட்கிழமை ஊளை. மத்தியானம் கை தூக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளி வந்துவிட்டார்.

அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது. ஆரோக்கியத்துக்கு ஒரு பழக்கம். உடையாத கல்லை பக்கெட்டால் பக்கவாட்டில் இடிப்பான். அப்படிச் செய்யக் கூடாது. முதலாளி ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறார். மிஷினைக் கொன்னுட்டான் என்றார். இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடு என்று கலியபெருமாளிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஆரோக்கியம் வரதராஜன்பேட்டைக்காரன். டிப்பரில் கிளீனராக வந்து நாலு வருஷம் காத்திருந்து அந்த சீட்டைப் பிடித்தவன். கல்யாணம் ஆகி ஒரு மாசம். பெண் ஏலாக்குறிச்சி. மாமனார் வாத்தியார். பெண் கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், வேலை நிலைக்குமா என்று. நிலைக்குமுங்க என்று சொல்லித்தான் கட்டினான்.

நான் டேங்க் மூடியைக் கழற்றினேன். எண்ணெயை இறக்கிவிட்டு சல்லடையை வெளியே எடுத்தேன்.

கம்பி வலை தெரியவில்லை. பஞ்சுதான் தெரிந்தது. ஈரத்துணி சுற்றின மாதிரி. அதில் ஒரு சிவப்பு நூல்.

அந்தச் சிவப்பு நூலை எனக்குத் தெரியும்... ஞாயிற்றுக்கிழமை டேங்க் உள்ளே துடைத்த வேஸ்ட் பஞ்சில் ஓடின நூல். கை நிறையப் பஞ்சை எடுத்து மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன் பாரு என்று ஆரோக்கியத்திடம் பீற்றிக்கொண்டேன். பஞ்சு பாதி என் கையில் வந்தது, பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதைத்தான் பம்ப் இழுத்துச் சல்லடையில் அப்பியிருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. பஞ்சை உரித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

சல்லடையை டீசலில் அலசி மாட்டினால் முடிந்தது. பழி ஆபரேட்டர் மேல். எனக்கு எதுவும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஆரோக்கியம் கேபினில் தன் சாமானை எடுத்துக்கொண்டிருந்தான். துண்டு. தூக்குச்சட்டி. கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படம். அது கிழியாமல் வரவேண்டும் என்று ஓரம் ஓரமாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பஞ்சு எவ்வளவு நேரம் என் பையில் இருந்தது? ஒரு டீ ஆறுகிற நேரம் இருக்கும். எண்ணெய் சட்டையில் ஊறி நெஞ்சில் பட்டது.

முதலாளி வந்ததும் அவர் கார் பானெட் மேல் பஞ்சை எடுத்து வைத்தேன்.

"என்னய்யா இது?"

"பஞ்சுங்க. டேங்க்ல இருந்துச்சு."

"யாரு போட்டது?"

"நான்தாங்க. அவன் மேல தப்பில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி பஞ்சைப் பார்த்தார். பம்ப் இருக்கா, போச்சா என்று கேட்டார். ஃபில்டரைத் திறந்து பார்த்திருந்தேன். பித்தளைப் பொடி இல்லை. பொடி இருந்தால் பம்ப் அரைபட்டுவிட்டது என்று அர்த்தம். புது பம்ப் பம்பாயிலிருந்து வர ஒரு மாசம் ஆகும். பொழைச்சிருக்குங்க என்றேன்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஓடணும். ஓடலேன்னா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஊருக்குப் போங்க."

கார் போனது. காதர் பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"ஒரே பஸ்ல எப்படிப் போவீங்க? அவன் கெழக்க போவணும், நீ மேக்க போவணும்."

ஆரோக்கியம் கேபினை விட்டு இறங்கி வந்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

"பிட்டரே, பசை இருக்கா? மாதா படத்துல ஒரு ஓரம் கிழிஞ்சு போச்சு" என்றான். அவ்வளவுதான்.

இனி டேங்க். டீசல் ஊற்றி அலசினோம். பஞ்சு போகவில்லை. மூலையிலும் வெல்டிங் ஓரத்திலும் பூனை முடி மாதிரி ஒட்டியிருந்தது. எதை வைத்து எடுப்பது? துணி போட்டால் துணியின் நூல் தங்கும். கையால் தடவினால் வழுக்கும். காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். கலியபெருமாள் தன் வெளுத்த வேட்டியையே அவிழ்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் சார், அதுவும் நூல்தான் என்றேன். அவருக்கு மனத்தாங்கல்.

சுத்தம் பண்ணப் போகிறவன் ஏதாவது ஒன்றை உள்ளே விட்டுவிட்டுத்தான் வருகிறான். டேங்கில் மட்டும்தானா அப்படி?

சாயங்காலம் ஆரோக்கியத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். அரியலூர் டவுனில் ஒற்றை ரூம். அவன் மனைவி பிலோமினா ரேஷன் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரன் வேலைக்கு வந்த ஆபத்து என்னால்தான்மா, பஞ்சால் துடைத்துவிட்டேன், இப்போது அந்தப் பஞ்சை எடுக்க வழி தெரியவில்லை என்று.

அது அழும் என்று நினைத்தேன். அழவில்லை. மாவுக் கையோடு எழுந்து வந்து என் சட்டையைப் பார்த்தது. பையைச் சுற்றி எண்ணெய்க் கறை, அதில் பஞ்சு இழை. கையிலிருந்த மாவை அதன் மேல் வைத்து அமுக்கி எடுத்தது. இழையெல்லாம் மாவோடு வந்துவிட்டது. ஒன்று பாக்கி இல்லை.

"வளவி ஒடைஞ்சா இப்படித்தாண்ணே ஒத்தி எடுப்போம். வெளக்குமாறுல வராத கண்ணாடித் தூளெல்லாம் மாவுல வந்துரும்."

நான் மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, டேங்க்ல இருந்த பஞ்சு பாக்கெட்டுக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

நான் பையைக் கையால் மூடிக்கொண்டேன். அதுவும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு ரொட்டி தட்டில் போட்டு வைத்தது. சாப்பிட்டேன்.

கிளம்பும்போது சொன்னேன். மாவை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டிக் கொடு. கெட்டியாகப் பிசை. முக்கியமாக எண்ணிக் கொடு. உள்ளே போகிற உருண்டையெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று தங்கினாலும் பஞ்சைவிட மோசம்.

புதன்கிழமை காலையில் ஆரோக்கியம் தூக்குச்சட்டியோடு வந்தான். எத்தனை என்றேன். ஐம்பத்து மூன்று என்றான். கலியபெருமாள் சிரித்தார். இது என்னய்யா கணக்கு, ஐம்பது இல்லே, அறுபது இல்லே?

ஆரோக்கியம் சொன்னான். ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணி. பிலோமினா தினமும் சொல்லுகிற ஜெபம். மணிக்குப் பதில் உருண்டை. ஒரு ஜெபத்துக்கு ஒரு உருண்டையாக விடியற்காலையில் உருட்டியிருக்கிறது. பொக்லைனுக்கு ஜெபமாலை சொன்னது இந்த ஜில்லாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வேலை ஆரம்பித்தோம். டேங்க் வாய் ஓர் ஆள் தோள் நுழைகிற அளவு. நான் உள்ளே தலையையும் கையையும் விட்டேன். ஆரோக்கியம் உருண்டை உருண்டையாகக் கொடுத்தான். ஒற்ற ஒற்ற பஞ்சு மாவில் ஏறியது. அழுக்கான உருண்டையை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்தான். மாவு தீரும்போது டேங்கின் அடியில் என் முகம் தெரிந்தது. இந்தத் தடவை பீற்றிக்கொள்ளவில்லை.

மணி நாலு. புது எண்ணெய் பேரல் இரண்டு தயார். முதலாளியும் வந்துவிட்டார். காருக்குள் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

சாக்கில் இருந்ததை எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

ஆரோக்கியம் எண்ணினான். ஐம்பத்திரண்டு.

தூக்குச்சட்டியைக் கவிழ்த்தோம். சாக்கை உதறினோம். மிஷினுக்கு அடியில் தேடினோம். டார்ச் அடித்து டேங்க் முழுக்கப் பார்த்தேன். இல்லை.

கலியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல எண்ணியிருக்கும், ஊத்துங்கய்யா, பொழுது சாயுது என்றார். முதலாளி வாட்சைப் பார்த்தார். எண்ணெய் ஊற்றி நிரப்ப ஒரு மணி நேரம், குழாயில் சிக்கின காற்றை எடுக்க அரை மணி. இனி நிற்க நேரம் இல்லை. ஊற்றினால் ஒருவேளை ஓடும். ஊற்றாவிட்டால் இரண்டு பேரும் பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். வேலை அவனுடையது. பெண்டாட்டியும் அவனுடையது.

"அவ எண்ணினா தப்பாது பிட்டரே. ஊத்தாதீங்க."

ஒரு மாசத்துப் புருஷன்! எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஒன்பது வருஷம். என் வீட்டில் எண்ணிக் கொடுத்த கத்தரிக்காயைக்கூட நான் திரும்ப எண்ணுவேன்.

பேரல் மூடியைத் திருப்பி அடைத்தேன். யோசித்தேன். சல்லடையைக் கழற்றினால் பம்புக்குப் போகிற குழாய் வாய் டேங்கின் அடியில் திறந்து கிடக்கும். எப்போதும் துணியால் அடைத்து வைப்பேன். இந்தத் தடவை துணி என்றாலே பயம். அடைக்காமல் விட்டிருந்தேன்.

மிஷினுக்கு அடியில் படுத்து, அந்தக் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த ஹோஸ் கிளிப்பைக் கழற்றினேன். விரலை விட்டேன். வளைவில் ஏதோ மெத்தென்று இருந்தது. ஆரோக்கியம் கையைக் கீழே ஏந்தினான். ஒரு கம்பியால் குத்தினேன்.

விழுந்தது.

நசுங்கி, கறுத்து, பாதி நீண்டு. ஆனால் அது மாவுதான். பம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. எண்ணெய் ஊற்றியிருந்தால் ஸ்டார்ட் பண்ணின உடனே உள்ளே போயிருக்கும்.

ஆரோக்கியம் அதைக் கழுவக்கூட இல்லை. நேராகக் காருக்குப் போய் முதலாளி முன்னால் உள்ளங்கையை நீட்டினான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஊத்துங்க. நான் இருக்கேன்" என்றார்.

பொழுது சாய்ந்து கால் மணி கழித்து எஞ்சின் பிடித்தது. பம்ப் ஊளையிடவில்லை. ஆரோக்கியம் லீவரை மெல்ல இழுத்தான். கை தரையை விட்டு எழுந்தது. பத்தடி, இருபதடி. காதர் பாய் போய் டிப்பரை பக்கெட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்.

முதலாளி காரை விட்டு இறங்கி, பலகை இல்லாமல் தூசியில் நடந்து மிஷின் பக்கம் வந்தார். கால் மணி தாமதத்தைப் பற்றிப் பேசவில்லை. மிஷினின் லாக் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். இனிமேல் டேங்க் கழுவினால் மாவுதான், எண்ணித்தான், அதைப் புத்தகத்தில் எழுது என்றார்.

கலியபெருமாள் பேனாவைத் திறந்தார்.

"ஆபரேட்டர் பேரு யாருன்னு போட சார்?"

"அதே பேரு."

"பிட்டர்?"

"அதே ஆளு."

"உருண்டை எத்தனைன்னு போட?"

முதலாளி ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். எஞ்சின் சத்தத்தில் அவன் குரல் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. முதலாளி அதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கலியபெருமாளிடம் சொன்னார்.

ஐம்பத்து மூன்று.