பெயிண்டுக்கு அடியில்

எங்கள் பழைய லாரிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த பிறகுதான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், என்ஜின் சுற்றாது. பேட்டரியை மாற்றினோம். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி நாமக்கல்லில் காட்டினோம். அதில் பழுதில்லை என்றார்கள். எங்கே போனாலும் என் கணவர் இறக்கம் பார்த்தே வண்டியை நிறுத்துவார். உருட்டிவிட்டு கியர் போட்டால் கிளம்பிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூரில், வீட்டு வாசலில், அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லும்போதெல்லாம் சாவியைத் திருப்பினேன். காலருகே ஏதோ கருகும் வாடை அடித்தது. குனிந்து ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டேன், விரல் சுட்டது.

“ஏனுங்க, ஆக்சிலேட்டர் கேபிள் இந்தச் சுடு சுடுதுங்க!”

“அது வெறும் கம்பி, அதுல ஏது கரண்டு?” என்றவர் பேட்டரிப் பக்கம் நகர்ந்து பார்த்தார். “அட சாமி! எர்த்து சரியாப் புடிக்காம, கரண்டு அது வழியா ஓடுதாட்ட இருக்குது” என்றார்.

பேட்டரியின் எர்த் வயரை லாரியின் அடிச்சட்டமான சேஸில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். பெயிண்ட் அடித்தவர்கள் அந்த இடத்திலும் பூசிவிட்டு, அதன்மேலேயே வயரை மாட்டியிருந்தார்கள். உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, மறுபடி முடுக்கினார்.

“இப்பப் போடு, அம்மிணி.”

திருப்பியதும் என்ஜின் உறுமியது. அணைக்க எனக்கு மனமே வரவில்லை. அவர் கிரீஸ் கையோடு ஏறி என்னை நகரச் சொன்னார். லோடு எதுவும் இல்லாமல், சும்மாவே ராசிபுரம் வரை போய் வந்தோம்.

அந்த லாரியை விற்றுவிட்டோம். இன்றும் ராசிபுரம் சாலையில் போகும்போது, அன்று வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஓட்டியதுதான் கண்ணில் நிற்கிறது.