எட்டா, மூணா

அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாத உயரம். படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தவள், ஊர் ஊராகப் பஸ்ஸில் தூங்கி, வலது முழங்கால் கைவிடும்வரை ஆடினாள். ஆட்டம் போனபோது வேறு தொழில் தெரியவில்லை. பெண்கள் கல்லூரி ஒன்று கோச் வேலைக்கு அழைத்தது. போன உயிர் திரும்பியதுபோல் ஓடிப்போய்ச் சேர்ந்தாள்.

பிள்ளைகளை வாட்டி எடுப்பாள். ஆனால் தோற்ற அன்று ஒரு வார்த்தை திட்டமாட்டாள். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டிருந்த அணிக்கு அரையிறுதி பழகிப்போனது.

கண்ணில் முதலில் ஓரங்கள்தான் இருண்டன. அப்புறம் எதிர்ப்பக்கக் கூடையின் வலை காணாமல் போனது. விளக்கு சரியில்லை என்று காவலாளியிடம் சண்டை போட்டாள். டாக்டர்தான் உடைத்துச் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது, போன பார்வை வராது, சொட்டு மருந்து விட்டுவந்தால் இருப்பதைக் கொஞ்சகாலம் காப்பாற்றலாம். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மருந்துக் குப்பியைக் காலுறைக்குள் ஒளித்தாள். எந்தப் பெண் எப்படி ஓடுவாள், யாருடைய ஷூ எப்படிக் கிறீச்சிடும் என்று மனப்பாடம் செய்தாள்.

அவள் கணவர் தையல்காரர். அணியின் உடைகளை அவர்தான் தைத்துக் கொடுப்பார். நம்பரைப் பெரிதாக்கச் சொன்னாள், ஆக்கினார். இன்னும் பெரிதாக என்றாள்; அதையும் செய்தார். மறுபடியும் வந்து நின்றபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கு மேல முதுகுல இடமில்ல. போர்வைலதான் தைக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. எதிரிலேயே கிடந்த கத்தரிக்கோலைத் தேடி அவள் கை மேஜையைத் தடவுவதைப் பார்த்ததும் அவர் மிஷினை நிறுத்தினார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னாள்.

"காலேஜ்ல சொல்லிடும்மா."

"சொன்னா மறுநாளே வேற ஆளைப் போட்டுடுவாங்க. எனக்கு வேற என்னங்க தெரியும்?"

அவர் சிவப்புத் துணியில், முதுகு நிறைய நம்பர் தைத்துக் கொடுத்தார்.

அரையிறுதியன்று எதிரணியும் சிவப்பில் வந்து நின்றது. உடையை மாற்றச் சொன்னார் நடுவர். பையில் இருந்தது பழைய வெள்ளை உடை. நம்பரெல்லாம் உள்ளங்கை அளவு. கூட்டத்தின் இரைச்சலில் ஷூ சத்தமும் கேட்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஆட்டம் சமநிலை. யாரோ ஒருத்தி அடுத்தடுத்துப் பந்தைப் பறிகொடுத்தாள். ஏணி கண்ணை இடுக்கி அவள் முதுகைப் படித்தாள். எட்டு.

"எட்டு, வெளிய வா."

அன்று ஆட்டத்தையே தூக்கி நிறுத்தியவள் எட்டுதான். அவள் நின்ற இடத்திலேயே நின்று, "நானா?" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோச் தப்புச் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஏணி பிடிவாதமாகக் கையைக் காட்டினாள். தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் எட்டு அழவில்லை. நேரே வந்து நின்றாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

ஏதாவது காரணம் சொல்லலாம்தான். களைப்பு, வியூகம், எதுவும் எடுபடும். ஆனால் இந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன் ஆட்டத்தைச் சந்தேகப்படுவாளே என்று ஏணிக்குத் தோன்றியது.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. பந்தை விட்டது மூணு. அதை எட்டுன்னு படிச்சு உன்னைக் கூப்பிட்டுட்டேன். எனக்குக் கண்ணு தெரியல."

எட்டு தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள் எட்டு. "யாரு எங்க நிக்கிறோம்னு நாங்களே கத்திச் சொல்லியிருப்போமே." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஏணியே கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. மாதக் கடைசியில் புது கோச் வந்தார்.

கணவர் அழைத்துப்போக வந்திருந்தார். பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள்; எட்டு திரும்பிப் பார்த்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. அவர் கையை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். கேட்வரை நிமிர்ந்தே நடந்தாள். அதைத் தாண்டியதும் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.